உப்பு போகுமா?



மேசைமேல் இருக்கும் இந்தக் குடுவையை நான் வந்ததிலிருந்து முன்வரிசையில் சிலர் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. தாகத்துக்கு எடுத்துவிட வேண்டாம், உள்ளே காஸ்டிக் சோடா இருக்கிறது. இப்போது குலுக்குகிறேன்.

(குடுவையைக் குலுக்கியதும் நீர் அடர் நீலமாக மாறுகிறது.)

குளுக்கோஸ், காஸ்டிக், நாலு சொட்டு மெத்திலீன் நீலம். இவ்வளவுதான் இதில் உள்ளது. பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். கீழே வைத்தால் ஓரிரு நிமிடத்தில் நீலம் மறைந்துவிடும். மறைந்த நிலையில் ஒரு துளி எடுத்து நிறமாலைமானியில் வைத்தால் 664 நானோமீட்டரில் இருக்க வேண்டிய உச்சம் இருக்காது. சாயம் முழுதும் சிதைந்துவிட்டது என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து நீலம் திரும்ப வந்து நிற்கும். சாயம் எங்கேயும் போகவில்லை. இரண்டு எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு நிறத்தை மட்டும் கழற்றி வைத்திருந்தது.

இன்றைய பேச்சுக்கு ஏற்பாடு செய்திருக்கும் இந்த அறக்கட்டளை யார் பெயரால் அமைந்திருக்கிறதோ, அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் சாயப்பட்டறையில் இருந்தவர். விஞ்ச் தொட்டிக் காலத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, சாஃப்ட் ப்ளோ மெஷின் வந்த காலத்தில் டையிங் மாஸ்டராகி, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தவர். ஒருமுறை என் ஆய்வகத்துக்கு வந்தார். நான் பெருமையாக ஒரு சோதனையைக் காட்டினேன். விளக்கடியில் கால் மணி நேரத்தில் நீலம் வெளுத்தது. பொறுமையாக நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நல்லாருக்குங்க சார். உப்பு போகுமாங்க?”

எனக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

நொய்யலின் கதையை இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் மாணவர்களில் பலர் 2011-இல் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள், அல்லது பள்ளியிலேயே சேர்ந்திருக்க மாட்டீர்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அணை சாயக்கழிவுத் தொட்டியானது. மற்ற ஊர்களில் விவசாயிகள் அணையில் தண்ணீர் தேக்கச் சொல்லிக் கேட்பார்கள். இங்கே தேக்காதே என்று கேட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று 2006-இல் உத்தரவானது. உத்தரவு நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நீதிமன்றம்.

அணையின் தண்ணீருக்கு நிறம் இருந்தது உண்மைதான். பயிரைக் கொன்றதும் கிணற்றைக் கெடுத்ததும் பெரும்பாலும் நிறமல்ல, உப்பு. பட்டறைக்காரர்கள் ‘டி.டி.எஸ்.’ என்று சொல்வது இதைத்தான். இதே ஆண்டுகளில் எங்கள் வேதியியல் துறையில் என்ன நடந்தது? ஒளியில் மெத்திலீன் நீலத்தை வெளுக்கவைக்கும் தூள்களை, அதாவது ஒளிவினையூக்கிகளைச் செய்துகொண்டிருந்தோம். ஒளிவினையூக்கியால் சாயத்தைச் சிதைப்பது பற்றிய ஓர் இயலாவது இல்லாத முனைவர் பட்ட ஆய்வேடு அப்போது அபூர்வம். நால்வருக்கு நானே வழிகாட்டியிருக்கிறேன், ஆகவே பிறரைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உப்பு ஏன் வருகிறது? பருத்தி நாரும் சாயமும் தண்ணீரில் இரண்டுமே எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பு. அடர் நிறம் என்றால் லிட்டருக்கு எண்பது கிராமுக்கு மேலும் போடுவார்கள். அதன்பின் சோடாவைப் போட்டால் சாயம் நாரோடு வேதிப்பிணைப்பால் இறுகிவிடும். இப்படி நாரோடு பிணைகிற ‘ரீஆக்டிவ்’ சாயங்களை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956-இல் புரோசியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. எத்தனை முறை துவைத்தாலும் பனியனில் நிறம் நிற்பது இதனால்தான். ஆனால் சாயத்தில் ஒரு பங்கு நாருக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடுகிறது. அது இனி நாரில் ஒட்டாது. உப்போடு சேர்ந்து சாக்கடைக்கு வரும். துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் அழியக்கூடாது என்று ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்த மூலக்கூறு அது. நுண்ணுயிர்த் தொட்டியில் எளிதில் அழியாமல் அடம்பிடிப்பதில் வியப்பில்லை.

இனி ஒளிவினையூக்கிக்கு வருவோம். நம் பக்கத்துப் பொருள்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாக மின்னுமே, அந்தக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து வருவது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ச் சாயத்துக்கு வெண்மை தரும் பொடி. வெயில் பட்ட பழைய பெயிண்ட்டைத் தடவினால் கையில் மாவாக ஒட்டும். வெள்ளைப் பொடி வெயிலை வாங்கித் தன்னைச் சுற்றியுள்ள பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பதும் அதற்கு ஒரு காரணம். பெயிண்ட் கம்பெனிகளுக்கு அது தலைவலி. 1938-இல் லண்டனில் குட்ஈவும் கிச்னரும் இந்தப் பொடி ஒளியில் ஒரு சாயத்தை வெளுக்கவைப்பதை ஆராய்ந்து எழுதினார்கள். எங்கள் துறை புதிது என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

துறைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜப்பான். 1967-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஃபுஜிஷிமா என்ற ஆய்வு மாணவர், தன் பேராசிரியர் ஹோண்டாவிடம் வேலை செய்தபோது, டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனைமேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதைக் கண்டார். 1972-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தண்ணீரிலுள்ள நஞ்சை அழிக்க இதைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுரைகள் வந்தன. 1977-இல் ஃபிராங்க், பார்டு இருவரும் சயனைடைச் சிதைத்துக் காட்டினார்கள்.

நடப்பது இதுதான். ஒளித்துகள் ஒன்று பொடிக்குள் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன இடம் ‘துளை’. துளைக்கு எலக்ட்ரான் பசி. பக்கத்திலிருக்கும் தண்ணீரிடமிருந்தே பறித்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்கும். ஓசோனைவிட, குளோரினைவிட வலுவான ஆக்சிஜனேற்றி அது. எதிர்ப்படும் கரிமப் பொருளை விட்டுவைக்காது. தாவிய எலக்ட்ரான், கரைந்துள்ள ஆக்சிஜனிடம் போய்ச் சேரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் இரண்டு. தாவிய எலக்ட்ரானில் பெரும்பகுதி எங்கேயும் போகாமல் தன் துளையிலேயே திரும்ப விழுந்து, வாங்கிய ஒளியை வெறும் வெப்பமாக விட்டுவிடுகிறது. இரண்டாவது, அனடேஸ் என்ற படிக வடிவத்தில் தாவ வேண்டிய உயரம் 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதா ஒளிதான் தள்ளிவிட முடியும். வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு. மற்றதெல்லாம் இந்தப் பொடிக்கு இருட்டு.

இதன் பொருளென்ன என்று ஒரு முரட்டுக் கணக்குப் போடுவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் புற ஊதா சுமார் 40 வாட். ஆறு மணி நேரம் அப்படியே அடிக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒளித்துகள்களை எண்ணினால் ஏறக்குறைய இரண்டரை மோல். அவற்றில் நூற்றுக்கு ஒன்று உருப்படியான வேலை செய்கிறது என்று கொள்வோம். தண்ணீரில் கலக்கிய பொடிக்கு அது மோசமான மதிப்பெண் இல்லை. இப்போது மறுபக்கம். ஒரு மெத்திலீன் நீல மூலக்கூறின் நிறம் போக ஒன்றிரண்டு எலக்ட்ரான் கைமாறினால் போதும், குடுவையில் பார்த்தோம். அதையே கார்பன் டை ஆக்சைடும் நைட்ரேட்டும் சல்பேட்டுமாக எரித்து முடிக்க நூறு எலக்ட்ரான் கைமாற வேண்டும். சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், சரியாக 102 வரும். ஆக, ஒரு சதுர மீட்டர் வெயில் ஒரு நாளில் முழுதாக எரித்து முடிப்பது சுமார் 80 மில்லிகிராம் சாயம். ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு டன் துணிக்குச் சாயமேற்றும் சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சதவீத ஷேடு என்றால் 30 கிலோ சாயம். ஐந்தில் ஒரு பங்கு ஒட்டாமல் வந்தால் 6 கிலோ. அதை எரிக்க 75,000 சதுர மீட்டர் வேண்டும். பதினெட்டரை ஏக்கர்! இன்றைய விலையில் பதினெட்டரை ஏக்கர் வாங்க முடிந்தவர் எதற்குச் சாயப்பட்டறை நடத்தப்போகிறார்?

நூறுக்கும் ஒன்றுக்கும் உள்ள இந்த இடைவெளியை மறந்துவிட்டுத்தான் எங்கள் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்கிறது. பொடியின் குறைகளைத் தீர்க்க அதோடு கரியைச் சேர்த்துப் பார்த்த கதையையும் இந்த ஏக்கர் கணக்கை மனத்தில் வைத்தே கேளுங்கள்.

கரி மூன்று வகையில் உதவுகிறது. முதலாவது எளிமையானது, நம் பாட்டிமார் அறிந்தது. கரி பிடித்து வைக்கும். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அதை நீராவியில் கிளர்வூட்டினால் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உள்பரப்பு கிடைக்கும். சாய மூலக்கூறின் வளையங்களும் கரியின் வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டும். ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதற்குள் செத்துவிடும். ஆகவே இரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். 1998-இல் மாதோஸ், லேன், ஹெர்மான் மூவரும் கிளர்வூட்டிய கரியையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் எந்த நுட்பமும் இல்லாமல் தண்ணீரில் ஒன்றாகக் கலக்கினார்கள். ஃபீனால் சிதையும் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கானது. கரி பிடித்ததைப் பொடிக்குக் கைமாற்றிக்கொடுத்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செலவில்லை, பகட்டில்லை.

இரண்டாவது உதவி, எலக்ட்ரானுக்கு வழி போடுவது. கிராஃபீன் தாளில் எலக்ட்ரான் தடையின்றி ஓடும். பொடியை அந்தத் தாளில் ஒட்டவைத்தால் தாவிய எலக்ட்ரான் தாளுக்கு நழுவிவிடும், துளை பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் காமத் குழு, டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து கிராஃபீன் ஆக்சைடுக்கு எலக்ட்ரான் போவதை 2008-இல் காட்டியது. இரண்டே ஆண்டில் கிராஃபீனோடு சேர்த்த பொடி மெத்திலீன் நீலத்தை வேகமாகச் சிதைக்கிறது என்ற ஆய்வும் வந்தது. அதே 2010-இல் சீனாவின் ஃபூஜோ பல்கலைக்கழகத்திலிருந்து யி-ஜுன் ஷூ குழுவினர், கிராஃபீன் கலந்தது மற்றக் கரி கலந்தவற்றிலிருந்து உண்மையிலேயே வேறானதா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சாராம்சத்தில் வேறில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கட்டுரையை நானும் என் மாணவர்களும் பல முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். படித்துவிட்டுக் காட்டினோமா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, புற ஊதாவுக்கு அப்பாலுள்ள வெயிலையும் வாங்க வைப்பது. இங்கே கரியே வினையூக்கியாகிவிடுகிறது. 1834-இல் லீபிக் எழுதிய ‘மெலான்’ என்ற மஞ்சள் பொடியின் வழிவந்த கிராஃபைட்டு கார்பன் நைட்ரைடு, 460 நானோமீட்டர் வரையிலான ஒளியை வாங்கும் என்று 2009-இல் வாங் ஷின்சென், ஆன்டோனியெட்டி குழு காட்டியது. மெலமினையோ யூரியாவையோ மூடிய கிண்ணத்தில் வைத்து 550 டிகிரியில் சுட்டால் போதும். யூரியா நம்மூர் உரக்கடையில் கிடைக்கும் பொருள். 387-க்குக் கீழுள்ள ஒளித்துகள்களைவிட 460-க்குக் கீழுள்ளவை பல மடங்கு. ஏக்கர் கணக்கு சட்டென்று இறங்கும்போல் தோன்றும். ஆனால் இதன் துளைக்கு வலு குறைவு, தண்ணீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சிலை உண்டாக்க முடியாது. அதனால்தான் இதையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் ஜோடி சேர்க்கிறார்கள். எளிதில் வேலைக்கு வருபவனையும் பலசாலியையும் ஒரே ஷிப்டில் போடுவது மாதிரி.

கரி கூடினால் கெடுதலும் கூடும். கறுப்புப் பொருள் ஒளியைத் தானே விழுங்கிவிடும். சேர்க்கை நூற்றுக்குச் சில பங்கைத் தாண்டினால் வேகம் விழுவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். கரியும் கரிமப் பொருள்தானே? ஹைட்ராக்சில் தனியுறுப்பு அதையும் மெல்ல அரிக்கும்.

இனி எங்கள் வீட்டுக் குறையைச் சொல்கிறேன். என் மாணவர் ஒருவர் கரி சேர்த்த பொடி செய்து, 98 விழுக்காடு சிதைவு என்று மகிழ்ச்சியோடு வந்தார். விளக்கைப் போடாமல் செய்து பார் என்றேன். இருட்டிலும் 90-க்கு மேல் வந்தது. வடிகட்டிய பொடியை எத்தனாலில் கழுவச் சொன்னேன். நீலம் பொங்கி வந்தது. சாயம் சிதையவில்லை, கரிக்குள் ஒளிந்திருந்தது. இருட்டில் அரை மணி நேரம் கலக்கிச் சமநிலைக்கு வரவிட்டுத்தான் விளக்கைப் போட வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். கரி நிறைய இருந்தால் அரை மணி போதாது என்பதுதான் தெரிவதில்லை. இன்னொரு பொறி, மெத்திலீன் நீலம் தானே கண்ணுக்குப் புலப்படும் ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளி, தானாகவே வெளுத்துப்போகும். அந்த ஒளிக்கான வினையூக்கியை அதை வைத்துச் சோதிப்பது, தானே ஓடுகிற குதிரையை நான்தான் ஓட்டினேன் என்று காட்டிப் பரிசு வாங்குவது போன்றது. ஒட்டானி உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-லேயே எச்சரித்தார்கள். கேட்டவர்கள் குறைவு.

பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போன மறுவாரம், ஐந்து லிட்டர் கேனில் அசல் சாயத்தொட்டித் தண்ணீரை அனுப்பிவைத்தார். கறுப்பு ஷேடு. ஆய்வகத்தில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் சாயத்தோடு ஓடிய என் பொடி, அதில் நாலு மணி நேரம் கிடந்தும் ஒன்றும் செய்யவில்லை. ஒளி மேல்தோலைத் தாண்டவே இல்லை. நீர்க்கச் செய்து பார்த்தபோது உப்பு குறுக்கே வந்தது. குளோரைடு அயனி ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது, குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்களை உண்டாக்கவும் வாய்ப்புண்டு. நிறம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிறமில்லாத வேறொன்று பிறந்துகொண்டிருக்கலாம்.

இன்னும் ஒன்று. பல ரீஆக்டிவ் சாயங்களில் நாரைப் பிடிக்கும் கொக்கி ட்ரையசின் என்ற வளையம். டைட்டானியம் டை ஆக்சைடு சாயத்தின் மற்றப் பாகங்களையெல்லாம் எரித்துவிட்டு, சயனூரிக் அமிலம் என்ற நிலையில் இந்த வளையத்தோடு நின்றுவிடும். அதை உடைக்க முடிவதில்லை. அட்ரசின் களைக்கொல்லி விஷயத்தில் இது நெடுங்காலமாகத் தெரிந்ததே. சயனூரிக் அமிலம் பெரிய நஞ்சல்ல, நீச்சல்குளத்தில்கூடப் போடுகிறார்கள். ஆனாலும் ‘முழுச் சிதைவு’ என்று எழுதும் முன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தலாம். இதில் எனக்கு ஒரு வேடிக்கை. மெலமின் இதே வளையக் குடும்பத்துப் பிள்ளை. எங்களால் உடைக்க முடியாத வளையத்தின் உறவினரைச் சுட்டுத்தான் கார்பன் நைட்ரைடு வினையூக்கி செய்கிறோம்.

சரி, உப்பு போகுமா? போகாது. எந்த ஒளிவினையூக்கியும், எத்தனை கிராஃபீன் சேர்த்தாலும், சோடியத்தையும் குளோரைடையும் தொடாது. அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

ஆனால் அதன்பின் திருப்பூரில் நடந்ததைப் பார்த்தபோது அந்தக் கேள்வியையே திருப்பிப் போடலாம் என்று தோன்றியது. உப்பை இப்போது ஆர்.ஓ. பிரிக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு பக்கம் பட்டறைக்குத் திரும்புகிறது. மறுபக்கம் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லும் அடர் உப்புநீர். அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவிட்டு உப்பாக்குகிறார்கள். மின்சாரமும் விறகும் நிலக்கரியும் செலவாவது இங்கேதான். சாயக்கறையோடு கலந்து வருகிற உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அந்த உப்புநீரிலிருந்து கரிமக் கறை மட்டும் போய்விட்டால், அதை அப்படியே அடுத்த சாயத்தொட்டிக்கு ஊற்றலாம். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு எண்பது கிராம் உப்பு வேண்டும் என்றேனே, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே இந்த உப்புநீரில் கரைந்திருக்கிறது.

ஒளிவினையூக்கிக்கு இந்த ஊரில் ஒரு வேலை உண்டென்றால் அது இங்கேதான் என்பது என் கருத்து. நுண்ணுயிர்த் தொட்டி தன் பங்கை முடித்திருக்கும். மிச்சமிருக்கும் கரிமம் குறைவு. அளவும் மொத்தக் கழிவுநீரில் ஒரு சிறு பங்கே. சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டில் சாயமேற்றும் பட்டறையென்றால் குளோரைடுத் தொல்லையும் குறையும். கரியின் முதல் உதவியை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். இரவெல்லாம் தேங்காய்த் தொட்டிக்கரி மணிகள் உப்புநீரிலிருந்து கறையைப் பிடிக்கட்டும். காலையில் உப்புநீரை இறக்கிவிட்டு, மணிகளை மெல்லிய நல்ல நீர்ப்படலத்தில் வெயிலில் பரப்பினால், அவற்றின்மேல் பூசிய டைட்டானியம் டை ஆக்சைடு, மணிகள் பிடித்ததை எரிக்கும். கறுப்புத் தண்ணீர் ஒளியை மறைக்காது, குளோரைடு குறுக்கிடாது, பொடியை வடிகட்டும் பாடும் இல்லை. ஒளித்துகள் கணக்கை இது மாற்றாது. எரிக்க வேண்டிய சாயம் பத்தில் ஒரு பங்காக இறங்கினால் பதினெட்டரை ஏக்கர் இரண்டு ஏக்கருக்குள் வரும். ஷெட்டுகளின் கூரையைச் சேர்த்தால் அது கிடைக்காத இடமில்லை. கரியின் உட்துளைக்குள் போய்விட்ட சாயத்தை ஒளி எட்டுமா, எத்தனை நாள் சுழற்சிக்குப் பிறகு மணி களைத்துப்போகும் என்பவை செய்துபார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு ஆய்வு உதவித்தொகை தருவதாகத் துறைத் தலைவர் சொன்னார். அடுத்த ஆண்டு அதைப் பெறப்போகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் மெத்திலீன் நீலப் புட்டியைத் திறக்காதீர்கள். நிறமாலைமானியை நம்பாதீர்கள், மொத்தக் கரிம அளவை அளந்து பாருங்கள். பஸ் ஏறிப் போய் ஏதாவதொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ரிஜெக்ட் தண்ணீர் ஐந்து லிட்டர் கேட்டு வாங்குங்கள். தர யோசிப்பார்கள், ரெண்டு தடவை நடக்க வேண்டியிருக்கும். கேன் என்னிடம் இருக்கிறது. பெரியவர் கறுப்பு ஷேடு அனுப்பிய அதே கேன்தான், கழுவி வைத்திருக்கிறேன்.

(மேசைமேல் இருந்த குடுவை இதற்குள் நிறமற்றுப் போயிருந்தது. கேள்வி நேரத்தில் ஒரு மாணவி அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.)